கணேஷுக்கு யார் ரசம் வைத்துக் கொடுப்பார்கள்?

துப்பறியும் கதை படிக்காத குடும்பத் தலைவி நம்மில் யாராவது உண்டா, சொல்லுங்கள்! அடுப்பில் பருப்பு வேகும் நேரத்தில் இரண்டு பக்கம், குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டு நாலு பக்கம் என்று படித்து முடித்தவர்கள்தானே நாமெல்லாம்? வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிய்த்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு, தெரு முழுக்கச் சுற்றுக்கு விட்ட காலம் ஒன்று இருந்தது. புத்தகம் திரும்பி வரும்போது அதில் எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை எல்லாம் இருக்கும். எந்தப் பக்கத்தில் கறை அதிகமோ அந்தப் பக்கத்தில் கதை சூடு பிடித்திருக்கிறது என்று அர்த்தம்!

அப்படிப் படித்தவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே மாதிரி பேசுவதைக் கவனித்திருக்கிறேன். சுஜாதாவின் வக்கீல் கணேஷைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும். "எம்புட்டு அறிவு, எம்புட்டு நிதானம்! ஆனா பாவம்..." என்று ஓர் இழுப்பு இழுப்பார்கள். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் வடகம் பிழிய உட்காரும்போதும் இதே பேச்சுதான்.

"கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைக்கலையே மதினி! கோர்ட்டுல இருந்து களைச்சுப் போய் வர்ற மனுஷனுக்கு ஒரு தட்டு ரசஞ்சாதம் போட ஆள் உண்டா?"

கேட்டவள் நல்ல மனசுக்காரி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 'பாவம்' என்ற சொல் இருக்கிறதே, அதோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கதையில் வரும் ஆள்மேல் அதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே சொல்லை எடுத்து, தனியாக வாழும் நம் வீட்டு மனுஷிமேல் வைத்து, அவள் வீட்டையே விற்கச் சொல்லும் அளவுக்குப் போகும்போது சும்மா இருக்க முடியுமா? அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் கணேஷுக்காக வாதாடிவிடுகிறேன். வக்கீலுக்கே வக்கீல்!

நம் தமிழ்த் துப்பறிவாளர்களில் குடும்பஸ்தர்களுக்குக் குறைவில்லை. தேவன் எழுதிய சாம்புவுக்கு வேம்பு என்ற மனைவி. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா. ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா. இவர்களுக்கெல்லாம் வீடு திரும்பினால் காப்பியோ தேநீரோ கிடைக்கும் என்று நமக்கும் நிம்மதி. கணேஷ் அப்படி இல்லை. 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' கதையில் தொடங்கி, சுஜாதா எழுதிய காலம் முழுக்க அவன் பிரம்மச்சாரிதான். முதலில் டெல்லியில் ஒண்டி வக்கீல். பிறகு சென்னைக்கு வந்தான். வஸந்த் என்ற துறுதுறுப்பான ஜூனியர் வந்து ஒட்டிக்கொண்டான். வாய் ஓயாத வஸந்த், "பாஸ், பாஸ்" என்று கூடவே சுற்றுகிறவன். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் வழிகிறவன். கணேஷோ, மனசுக்குள் ஒரு சலனம் வந்தால்கூட அதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கேஸ் கட்டைப் பிரித்து உட்கார்ந்துவிடுகிறவன்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இந்தக் கட்டைப் பிரம்மச்சாரியைப் படைத்தவர் நல்ல குடும்பஸ்தர். ரங்கராஜன் என்ற தன் சொந்தப் பேரை ஒதுக்கி வைத்துவிட்டு, மனைவியின் பேரையே புனைபெயராக வைத்துக் கொண்டவர். 2008-ல் அவர் காலமாகும் வரை கணேஷுக்குப் பெண் பார்க்கவே இல்லை! கல்யாணத்தின் அருமை தெரியாமலா விட்டிருப்பார்? இவனுக்கு இப்படித்தான் வாழ்க்கை பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கொலை நடப்பது எந்த வீட்டில்?

தனியாக இருப்பவனைப் பார்த்துப் பாவம் என்கிறோமே, நாம் படித்த துப்பறியும் கதைகளில் கொலை எந்த வீட்டில் நடக்கிறது என்று என்றைக்காவது யோசித்தீர்களா? முக்கால்வாசிக் கதைகளில் அது நிறைந்த வீடுதான். பெரிய பங்களா, வேலையாட்கள், சித்தப்பா, பெரியப்பா, இரண்டாந்தாரம், உயில், இரும்புப் பெட்டிச் சாவி. 1981-ல் குமுதத்தில் தொடராக வந்த 'கொலையுதிர் காலம்' ஞாபகம் இருக்கிறதா? சொத்துக்கு வாரிசான ஓர் இளம்பெண், அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பா. ஆங்கிலத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் பேர் போன ஒன்று, மாற்றாந்தகப்பன் வீட்டில் ராத்திரி விசில் சத்தம் கேட்டுப் பயந்து நடுங்கும் பெண்ணின் கதை. அங்கேயும் வீட்டில் ஆள் இருக்கிறது. நிம்மதிதான் இல்லை.

அந்தப் பெண்கள் யாரைத் தேடி ஓடுகிறார்கள்? ஒற்றை ஆளாக இருக்கும் அந்தத் துப்பறிவாளரைத்தான்! நிறைந்த வீட்டுக் குழப்பத்தை உட்கார்ந்து கேட்க அவனுக்குப் பொறுமை இருக்கிறது, நேரம் இருக்கிறது. எந்தப் பக்கமும் சாயாத மனசு இருக்கிறது. அவன் வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவனுக்காக வாசலில் காத்திருப்பவர்களுக்குக் குறைவே இல்லை.

உடனே என்மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம் வேண்டாம், குடும்பம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நானே மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் வீட்டில் மாவாட்டிக் கொண்டிருப்பவள். வீடு நிறைந்திருப்பது ஒன்று, வாழ்க்கை நிறைந்திருப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தால் பாக்கியம். ஒன்று இல்லாவிட்டால் மற்றதும் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் தப்பு.

கணேஷின் வாழ்க்கையில் என்னதான் நிறைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். மூளை முழுவதையும் கேட்கிற வேலை. முகத்துக்கு நேரே கிண்டல் பண்ணவும் உயிரைக் கொடுக்கவும் தயாராக ஒரு நண்பன். புத்தகம். யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாத ராத்திரி. இவன் இல்லாவிட்டால் நியாயம் கிடைத்திராத நாலு பேர். நம்மில் எத்தனை பேருக்கு இந்த ஐந்தும் கிடைத்திருக்கிறது? விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்

வக்காலத்து வாங்குகிறேன் என்பதற்காக உண்மையை மறைக்கக் கூடாது. தனி வாழ்க்கையில் பள்ளமும் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். கானன் டாயில் அவரை முதன்முதலாக 1887-ல் நமக்கு அறிமுகப்படுத்தினார். கேஸ் இருந்தால் சாப்பாடு தூக்கம் மறந்து பம்பரமாகச் சுற்றுவார். கேஸ் இல்லையென்றால்? சோபாவில் சுருண்டு கிடப்பார். வயலினை எடுத்து ராவுவார். அதுவும் சலித்தால் கொக்கேன் ஊசி! கூட இருந்த டாக்டர் வாட்சன்தான் சண்டை போட்டு, கண்காணித்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழக்கத்திலிருந்து அவரை மீட்டார். வாட்சனுக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும் நட்பு விட்டுப்போகவில்லை.

இதிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான். ஹோம்ஸை வாட்டியது மனைவி இல்லாத குறையல்ல, வேலை இல்லாத பொழுது. அவரை மீட்டது அக்கறையுள்ள ஒரு சிநேகிதம். வயதான பிறகு லண்டனை விட்டு, சசெக்ஸ் என்ற கடலோரக் கிராமப் பகுதிக்குப் போய்த் தேனீ வளர்த்து, தேனீயைப் பற்றிப் புத்தகமே எழுதினாராம். கொலைகாரனைத் தேடிய அதே கூர்மையோடு தேன்கூட்டைப் பார்த்துக் கொண்டிருக்கும் கிழவரை நினைத்துப் பாருங்கள். பாவம் என்று சொல்ல வாய் வருமா?

இக்காலத்து வைத்தியர்கள் சொல்வதும் இதற்கு ஒத்து வருகிறது. தனிமை உணர்ச்சி உடம்புக்குக் கெடுதல்தான். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் இதற்காகவே ஒரு தனிக் குழுவை அமைத்தது. ஆனால் தனியாக வசிப்பது ஒன்று, தனிமையில் தவிப்பது வேறு. ஒற்றை ஆளாக ஒரு வீட்டில் இருந்துகொண்டு நாலு பேரோடு மனம் விட்டுப் பழகுகிறவர்களும் உண்டு. பத்துப் பேர் உள்ள வீட்டில் பேச நாதியில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. இரண்டாவது ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பார்த்து யாரும் பாவம் என்பதில்லை. வீடுதான் நிறைந்திருக்கிறதே!

பின்னல் ஊசியும் கூர்மையான கண்ணும்

"ஆம்பிளைக்குச் சரி, பொம்பிளைக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஆள் இருக்கிறது. அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள். 1927-ல் ஒரு சிறுகதையில் எட்டிப் பார்த்தவர், 1930-ல் நாவலுக்கே வந்துவிட்டார். கல்யாணம் ஆகாத வயசான பாட்டி. செயிண்ட் மேரி மீட் என்ற கிராமத்தில் சின்ன வீடு, அதைச் சுற்றித் தோட்டம். கையில் எப்போதும் கம்பளி நூலும் பின்னல் ஊசியும். ஊர் வம்பு ஒன்று விடாமல் தெரியும்!

இந்தப் பாட்டி துப்பறிவதற்குப் பூதக்கண்ணாடியும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். ஒரு புது ஆளைப் பார்த்தால், 'இவர் நம் ஊர் இன்னாரைப் போல இருக்கிறாரே' என்று யோசிப்பார். அந்த இன்னார் என்றைக்கோ செய்த சின்னத் திருட்டு வேலை ஞாபகம் வரும். முடிச்சு அவிழும். ஒரு கதையில், இறந்துபோன பெண்ணின் நகங்களைக் கவனித்ததே அவருக்கு முக்கியமான தடயம். போலீஸ்காரர்கள் பார்த்தும் யோசிக்காத விஷயம் அது. இதெல்லாம் யாருடைய சாமர்த்தியம்? நம் சாமர்த்தியம்தானே! பால்காரர் தண்ணீர் கலந்ததை, பையன் ஸ்கூலில் அடி வாங்கியதை, நாத்தனார் அழுதுவிட்டு வந்ததை முகம் பார்த்தே கண்டுபிடிக்கிறோம் இல்லையா? மிஸ் மார்ப்பிள் அந்தச் சாமர்த்தியத்தை ஒரு வீட்டுக்கு மட்டும் செலவழிக்காமல் ஊருக்கே செலவழித்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

1962-ல் வந்த ஒரு நாவலில் இந்தப் பாட்டிக்கு ஒரு சங்கடம் வருகிறது. உடம்பு சரியில்லாமல் போய்த் தேறியதும், தனியாகத் தூங்கக் கூடாது என்கிறார் டாக்டர். பிரியமான மருமான் பணம் கொடுத்து, கூடவே தங்க ஓர் அம்மாளை அமர்த்துகிறான். அந்த அம்மாள் நல்லவள்தான். ஆனால் பாட்டியைக் குழந்தை மாதிரி நடத்துகிறாள். 'நாம இப்ப மருந்து குடிக்கணுமே, நாம இப்பத் தூங்கணுமே' என்று எடுத்ததற்கெல்லாம் 'நாம'! பாட்டிக்குத் தாங்கவில்லை. சாமான் வாங்க அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் நைசாக வெளியே நழுவுகிறார். பக்கத்தில் முளைத்திருக்கும் புதுக் காலனியைப் பார்க்கப் போகிறார், தடுக்கி விழுகிறார், முன்பின் தெரியாத ஒருத்தி ஓடி வந்து தூக்குகிறாள். அங்கிருந்துதான் கதையே ஆரம்பம்! முடிவில், வீட்டு வேலைக்கு வந்துபோன இளம்பெண் ஒருத்தி, நானும் என் புருஷனும் இங்கேயே வந்து இருக்கிறோமே என்கிறாள். பாட்டிக்கும் சம்மதம். துணையும் ஆச்சு, சுதந்திரமும் போகவில்லை.

எனக்கு இந்தக் கதையில் கொலைகாரன் யார் என்பதைவிட இந்தப் பகுதிதான் மனசில் தங்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சித்தி

எங்கள் அம்மாவின் தங்கை, எனக்குச் சித்தி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். மாப்பிள்ளை வராமல் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் வேலையை விடச் சொன்னார்கள். தாத்தாவுக்கு உடம்பு முடியாத காலம் அது. சித்தி வேலையை விடவில்லை, வந்தவர்களைத்தான் விட்டாள். பிறகு தாத்தாவும் ஆச்சியும் போன பின்னால் அந்த ஓட்டு வீட்டில் அவள் மட்டும். மொட்டைமாடிப் படியில் ஏறி நின்றால் ஆண்டாள் கோவில் கோபுரம் பதினோரு நிலையும் தெரியும்.

எனக்குத் துப்பறியும் கதையை அறிமுகப்படுத்தியது சித்திதான். அந்த ஊரில் பென்னிங்டன் நூலகம் என்று ஒன்று உண்டு. இந்த ஊர்களெல்லாம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த காலத்தில், 1875-ல், அப்போதைய கலெக்டர் பேரில் ஆரம்பித்தது. லீவுக்குப் போனால் என்னை அங்கே கூட்டிப் போவாள். 1981-ல் எனக்குப் பதின்மூன்று வயசு. 'கொலையுதிர் காலம்' படித்துவிட்டு ராத்திரி விளக்கை அணைக்க விடாமல் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கேட்டேன், "கணேஷ் ஏன் சித்தி கல்யாணம் பண்ணிக்கல?"

"அவன் மனசு வேலையில ரொம்பி இருக்குடி. உள்ள காலி இடம் இருந்தாத்தான வாசல்ல டூ-லெட் போர்டு மாட்டணும்?" என்றாள். கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது. அவள் தன்னைப் பற்றியும் சேர்த்துத்தான் சொன்னாள் என்பது விளங்க எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று.

இப்போது சித்திக்கு எழுபத்தைந்தை ஒட்டி வயசு. அவள் நாள் எப்படிப் போகிறது தெரியுமா? விடிகாலை கோவில். மார்கழியில் கேட்கவே வேண்டாம், திருப்பாவை ஒலிக்கு முன்னாலேயே கோலம் முடிந்திருக்கும். திரும்பி வரும்போது பாலும் பேப்பரும். தொட்டியில் துளசி, கீரை, நாலு ரோஜா. குறுக்கெழுத்துப் போட்டி. மத்தியானம் யாராவது மனு எழுத வருவார்கள், ரேஷன் கார்டு, பட்டா, பென்ஷன் என்று. சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணக்கு. ஆடிப்பூரத் தேர் சமயத்தில் சொந்தக்காரர் அத்தனை பேரும் அங்கேதான் இறங்குவோம். வீடு கொள்ளாது. மறுநாள் பால்கோவாப் பொட்டலத்தோடு எல்லாரையும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, அவள் 'அப்பாடா' என்று ஊஞ்சலில் சாய்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த 'அப்பாடா'வில் சந்தோஷம் இருக்கிறது, துக்கம் இல்லை.

அவள் துப்பறிந்த கேஸ் ஒன்றைச் சொல்கிறேன். டியூஷனுக்கு வரும் ஒரு பெண், ஆறாம் வகுப்பு. பள்ளியில் 'மக்கு' என்று முத்திரை குத்தியாகிவிட்டது. வீட்டிலும் திட்டு, அடி. சித்தி இரண்டு நாள் அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்துப் போட்ட கணக்கெல்லாம் சரி. வகுப்பில் போர்டைப் பார்த்து எழுதியதெல்லாம் தப்பு. அதிலும் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8, 1 இருக்க வேண்டிய இடத்தில் 7. "இவளுக்குக் கணக்கு வராம இல்ல. போர்டு தெரியல" என்று சொல்லி, கையோடு அம்மாவையும் பெண்ணையும் கண் டாக்டரிடம் அனுப்பினாள். கிட்டப்பார்வை! கண்ணாடி போட்டார்கள். இப்போது அந்தப் பெண் பிளஸ் டூவில் கணக்குப் பிரிவு.

இளம் தாய்மார்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும், டி.வி.க்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாலும், புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்தாலும், அடிக்கடி தலைவலி என்றாலும், திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணைச் சோதித்துவிடுங்கள்.

ஒன்பது பேர் உள்ள எங்கள் வீட்டில் இப்படி ஒரு நோட்டை நிதானமாகப் புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? சித்திக்கு இருந்தது. கணேஷுக்கும் மிஸ் மார்ப்பிளுக்கும் இருந்த அதே நேரம், அதே கவனம்.

வீட்டை வித்துரலாமா?

போன ஐப்பசி மழையில் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறிவு இல்லை, கணுக்கால் சுளுக்குத்தான். முதலில் ஓடி வந்தது அந்தக் கண்ணாடி போட்ட பெண். ஆனாலும் எங்கள் வீட்டில் மாநாடு கூடிவிட்டது. அண்ணன் சென்னையிலிருந்து வந்துவிட்டான். வீட்டை விற்றுவிட்டு, சித்தியை ராஜபாளையத்துக்கோ சென்னைக்கோ கூட்டி வந்துவிடுவது என்று பேச்சு.

அம்மா அழுதாள். "ராத்திரி நெஞ்சு வலிச்சா ஒரு வாய்த் தண்ணி கொடுக்க ஆள் உண்டா? பாவம், எத்தனை காலத்துக்குத்தான் ஒண்டியாக் கிடப்பா?"

அம்மாவின் பயம் நியாயமான பயம். அதை நான் தட்டிப் பேசவில்லை. ஆனால் 'ஒண்டியாக் கிடப்பா' என்றாளே, அங்கேதான் வாயைத் திறந்தேன். "அவ கிடக்கலம்மா, வாழுறா. இங்க கூட்டிட்டு வந்து ஹால்ல ஒரு கட்டில் போட்டு டி.வி.யப் போட்டு விட்டுட்டா அப்பத்தான் கிடப்பா. மனு எழுத யாரு வருவா? பிள்ளைங்க எங்க வரும்?" என்றேன். மிஸ் மார்ப்பிள் கதையையும் சொன்னேன். அண்ணன், "கதைய வச்சுக் குடும்பத்த நடத்த முடியுமா?" என்றான்.

அதுவரை சும்மா இருந்த சித்தி மெதுவாகச் சொன்னாள். "விழுந்தது கால் வழுக்கி. தனியா இருந்ததால விழல. ஒன்பது பேர் இருக்கிற வீட்டுக் குளியலறையும் வழுக்கத்தான் செய்யும். எனக்கு என்ன உதவி வேணும்னு என்னைக் கேட்டு முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும் காணாமப் போன சாமான் இல்ல, எடுத்துப் பத்திரமா உள்ள வைக்க."

அதற்குமேல் யாரும் வீட்டை விற்கிற பேச்சை எடுக்கவில்லை. அவளையே கேட்டு, என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் உதவும்.

குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தோம். தரைக்குச் சொரசொரப்பான விரிப்பு. குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. படுக்கையிலிருந்து குளியலறை வரை ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு. எதிர்வீட்டில் ஒரு சாவி. காலை எட்டு மணிக்கு நான் போன் பண்ணுவேன், ராத்திரி ஒன்பதுக்கு அண்ணன். எடுக்காவிட்டால் அரைமணிக்குள் எதிர்வீட்டிலிருந்து ஆள் போய்ப் பார்க்கும். அலமாரிக் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள், என்ன மாத்திரை, எந்த டாக்டர் என்பதோடு, ஆம்புலன்ஸுக்கு 108, முதியோர் உதவிக்கு 14567. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துவிடுவது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சும்மா பூட்டிக் கிடந்த பின்கட்டில் ஓர் இளம் தம்பதியைக் குடிவைத்தோம். அந்தப் பெண் நர்ஸ். கைக்குழந்தைக்காரி. அவள் துணி துவைக்கும் நேரத்தில் குழந்தை சித்தி மடியில். ராத்திரி ஒன்று என்றால் குரல் கொடுத்தால் போதும். யாருக்கு யார் துணை என்று பிரித்துச் சொல்ல முடியாது!

என் வீட்டுக்காரர் மட்டும், காவலுக்கு நம் ஊர் ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று நச்சரித்துக் கொண்டிருந்தார். "அது ஒரே ஆள்கிட்டதான் ஒட்டும்பாங்க. நான் ஊருக்குப் போனா அது ஏங்கிரும்" என்று சித்தி மறுத்துவிட்டாள். ஊருக்கா என்று கேட்டால், ஆமாம், நூலகச் சிநேகிதிகளோடு தை மாதம் கன்னியாகுமரி போகத் திட்டமாம்!

சகோதரிகளே, நம் பெண்களில், ஏன், பையன்களிலும், எல்லாருக்கும் ஒரே அச்சில் வாழ்க்கை அமையப் போவதில்லை. ஒருத்திக்குக் கல்யாணம் தட்டிப் போகலாம். ஒருத்திக்கு அதில் இஷ்டமே இல்லாமல் இருக்கலாம். ஒருத்தி பாதி வழியில் துணையை இழக்கலாம். அவளிடம் 'உனக்கு யார் இருக்கா?' என்றே திருப்பித் திருப்பிக் கேட்பதை விட்டுவிடுவோம். 'இன்னிக்கு என்ன செஞ்ச, யார் வந்தாங்க, என்ன படிச்ச?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வந்தால் அவள் வாழ்க்கை நிறைந்திருக்கிறது. பதில் வராவிட்டால், அன்றைக்கே கிளம்பிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். இந்தக் கேள்வியை நிறைந்த வீட்டில் இருப்பவளிடமும் கேட்க மறக்காதீர்கள்.

கணேஷுக்கு யார் ரசம் வைத்துக் கொடுப்பார்கள் என்று கேட்டாளே எங்கள் தெருக்காரி, அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இரண்டு தக்காளியைக் கரைத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் கடுகு தாளித்தால் ரசம். அதற்கு வக்கீல் படிப்புக்கூட வேண்டாம், கணேஷே வைத்துக் கொள்வான். உன் பையனுக்கும் பெண்ணுக்கும் இந்த லீவிலேயே கற்றுக் கொடுத்துவிடு. நாளைக்கு அவர்கள் துணையோடு இருந்தாலும் சரி, தனியாக இருந்தாலும் சரி, ரசத்துக்காக யாரும் அவர்களைப் பாவம் என்று சொல்ல வேண்டியிருக்காது!